8×42 பைனாகுலர்: வெள்ளைக் கொக்குகளிடம் தேறியதா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம். பதினோராயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கிய இந்த 8×42 பைனாகுலர் காலை ஒன்பது மணி வரை பிரமாதம், அதற்கு மேல் சுமார், உச்சிவெயிலில் நம் பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் கொக்குகளைப் பிரித்தறியப் பழகுகிறவருக்கு இதைவிட அதிகம் செலவு செய்யத் தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஏன் என்பதுதான் கீழே இருக்கும் நீளமான கதை.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் ஒரே உடம்பு, ஒரே லென்ஸோடு வேறு வேறு பெயர் ஒட்டிக்கொண்டு பல பைனாகுலர்கள் விற்பனைக்கு வருகின்றன, அதனால் பெயரைப் பிடித்துத் தொங்குவதைவிட பெட்டியில் போட்டிருக்கும் எண்களையும் கண்ணில் வைத்தால் என்ன தெரிகிறது என்பதையும் நம்புவது நல்லது. என்னுடையதில் இருப்பவை இவை: 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்லென்ஸ், நேர்க்குழாய் வடிவம் (ரூஃப் பிரிசம்), BaK-4 என்ற ரகக் கண்ணாடியில் செய்த பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கட்டை), 1000 மீட்டரில் 126 மீட்டர் அகலத்துக்குப் பார்வைப் பரப்பு, எடை 650 கிராம் பக்கம், தண்ணீர் புகாது என்ற உத்தரவாதம்.

சரி, எத்தனையோ பறவை இருக்க, பைனாகுலரைச் சோதிக்கக் கொக்கு எதற்கு? மீன்கொத்தியையும் பஞ்சுருட்டானையும் எந்தப் பைனாகுலரில் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும், அந்த நிறமே லென்ஸின் குறையை மறைத்துவிடும். வெள்ளைப் பறவை அப்படி எதையும் மறைக்காது. கருத்த சேற்றுக்கு முன்னால், வெயிலில், முழு வெள்ளையாக ஒன்று நிற்கும்போது, ஓரத்தில் ஊதா விளிம்பு கட்டுகிறதா, உள்ளே ஒளி சிதறி எல்லாம் பால் ஊற்றியதாகத் தெரிகிறதா, வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா மஞ்சளடிக்கிறதா, எல்லாம் ஒரே பார்வையில் அம்பலமாகிவிடும். அதோடு, கொக்கில் இனம் பிரிக்க நமக்கு வேண்டியவை எல்லாம் பொடி விஷயங்கள்: வாய்க்கோடு எங்கே முடிகிறது, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் இறகில்லாத தோல் என்ன நிறம், கால்விரல் மஞ்சளா கறுப்பா. இவை தெரிந்தால் பைனாகுலர் தேறியது. தெரியாவிட்டால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பிரயோஜனமில்லை.

நான் அதிகம் நின்றது சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில், துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் சாலையின் ஓரத்தில். அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரி ஒன்று கடந்து போனால் காற்று நம்மையே ஒரு அடி தள்ளும். நண்பர் கொண்டுவந்த 10×50 அந்த இடத்தில் கையில் நிற்கவேயில்லை. பெருக்கம் கூடினால் பறவையோடு சேர்ந்து நம் கை நடுக்கமும் பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 8 மடங்கில் கொக்கு கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆடாமல் தெரிகிறது, ஆடாமல் தெரிகிற வாய்க்கோடு ஆடுகிற பெரிய வாய்க்கோட்டைவிட எவ்வளவோ மேல். பஜாரில் தொங்கவிட்டு விற்கிறார்களே, 20-லிருந்து 180 மடங்கு வரை ஜூம் என்று, அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், அவ்வளவு அகல ஒளிவட்டம் கண்ணுக்கு வந்து சேருகிறது, விடிகாலைக்கும் அந்திக்கும் அது தாராளம். கொக்குகள் கூட்டம் கூட்டமாக இடம் மாறுவதும் அந்த நேரங்களில்தான்.

இனி கொக்குக்கு வருவோம்.

நம் பக்கம் முழு வெள்ளையாகத் தெரிவதில் நான்கு இனம் சாதாரணமாகக் கண்ணில் படும்: பெரிய வெள்ளைக்கொக்கு, நடுத்தர வெள்ளைக்கொக்கு, சின்ன வெள்ளைக்கொக்கு, உண்ணிக்கொக்கு. பெயரைக் கேட்டதும் உயரத்தை வைத்துப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் பிரிக்கலாம்தான், பெரியது 80 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு மீட்டர் வரை, நடுத்தரம் 70 பக்கம், சின்னது 55-லிருந்து 65, உண்ணிக்கொக்கு அதைவிடக் குட்டை. ஆனால் தனியாக ஒன்று நூறு மீட்டர் தள்ளி நாணலுக்குள் நிற்கும்போது அது பெரியதா நடுத்தரமா என்று எதை வைத்து அளப்பது? கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் பெரியதும் குட்டையாகிவிடும், நீட்டினால் நடுத்தரமும் கம்பீரமாகிவிடும். உயரத்தை நம்புகிறவர்கள்தான் கொக்குப் பட்டியலில் அதிகம் சண்டை போடுகிறவர்கள்.

நம்ப வேண்டியது வாய்க்கோட்டை. அலகு முடிந்த இடத்திலிருந்து முகத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு கண்ணுக்குக் கீழே ஓடும். பெரிய வெள்ளைக்கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போய்த்தான் நிற்கும், அதனால் அதன் முகத்தில் எப்போதும் ஒரு கோபக்களை. நடுத்தரத்தில் கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். இந்த ஒரு கோடு தெரிவதற்குத்தான் பைனாகுலருக்குக் காசு கொடுக்கிறோம் என்றே சொல்வேன். காலை வெயிலில் அறுபது எழுபது மீட்டர் வரை என் பைனாகுலரில் அது சுத்தமாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஊகம்தான். பத்து மணிக்குப் பிறகு சதுப்பின்மேல் கானல் நெளிய ஆரம்பித்தால் நாற்பது மீட்டரிலேயே கோடு அலைந்து மறைந்துவிடும். இது பைனாகுலரின் குற்றமில்லை, லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் நெளிகிற காற்றை நேராக்க முடியாது.

கோடு தெரியாத தூரத்தில் கழுத்தைப் பாருங்கள். பெரியதன் கழுத்து உடம்பைவிட நீளம், நடுவில் எலும்பு உடைந்து மடங்கினாற்போல ஒரு முடிச்சுத் திருப்பம் இருக்கும், தலை தட்டையாக, அலகு நீட்டாகப் போகும். நடுத்தரத்தின் கழுத்து ஏறக்குறைய உடம்பு நீளம்தான், வளைவு மென்மையாக இருக்கும், தலை உருண்டை, அலகு கொஞ்சம் குட்டை, நுனியில் பல சமயம் கறுப்புத் தொட்டு வைத்திருக்கும். என்னைக் கேட்டால் நான்கில் அதிகம் தப்பாக எழுதப்படுவது இந்த நடுத்தரம்தான். ஒரு பக்கம் பெரியதிடமும் இன்னொரு பக்கம் உண்ணிக்கொக்கிடமும் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. ஈர வயல், புல் முளைத்த ஆழமில்லாத தண்ணீர் இதற்குப் பிடித்த இடம், அடி மேல் அடி வைத்து நடக்கும், ஆர்ப்பாட்டமே இருக்காது.

அலகு நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஞ்சள் அலகென்றால் பெரியது அல்லது நடுத்தரம், கறுப்பு அலகென்றால் சின்னது என்று எளிதாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கூடு கட்டும் பருவத்தில் அது செல்லாது. பெரியதற்கும் நடுத்தரத்துக்கும் அப்போது அலகு கறுத்துவிடும். சின்னது வளர்ந்தபின் வருடம் பூராவும் கறுப்பலகுதான். ஆக, கறுப்பலகைக் கண்டதும் எழுதிவிடாமல் காலுக்கு வாருங்கள். சின்ன வெள்ளைக்கொக்குக்குக் கால் கறுப்பு, விரல்கள் மட்டும் நல்ல மஞ்சள். கடலோரத்தைத் தவிர மற்ற இடங்களில் வேறு எந்தக் குறியும் இல்லாமல் இதை மட்டும் வைத்தே முடிவு செய்யலாம்.

ஆனால் அந்த விரல் எங்கே தெரிகிறது? முக்கால்வாசி நேரம் தண்ணீருக்குள்ளோ சேற்றுக்குள்ளோதான் இருக்கும், வெளியே வந்தாலும் சேறு பூசிக் கறுப்பாகத்தான் வரும். அதனால் பறக்கும்வரை காத்திருக்க வேண்டும், பறக்கும்போது கால்கள் பின்னால் நீண்டு, நுனியில் மஞ்சள் பளிச்சிடும். இங்கேதான் 126 மீட்டர் அகலப் பார்வை கைகொடுக்கிறது, திடீரென்று எழும்பிய பறவையை வட்டத்துக்குள் விடாமல் பிடித்துக்கொண்டே போக முடிகிறது. நண்பரின் 10×50-இல் அது எழும்பியதும் வட்டத்தை விட்டே போய்விட்டது, அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அக்கரையில் இறங்கிவிட்டது.

பறக்காவிட்டாலும் சின்னதன் நடத்தையே காட்டிக்கொடுத்துவிடும். உறுமீனுக்காக வாடி நிற்கும் கொக்கு என்று நாம் காலங்காலமாகச் சொல்வது பெரிய வெள்ளைக்கொக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தும்: கழுத்தைச் சாய்த்து நீட்டியபடி நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்கும், நகர்ந்தாலும் தண்ணீர் கலங்காமல் ஒரு காலை எடுத்து ஒரு காலை வைக்கும். சின்னதுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஓடும், திரும்பும், இறக்கையைப் பாதி விரித்துத் துள்ளும், ஒரு காலை முன்னால் நீட்டி அடிச்சேற்றைக் கிண்டி நடுக்கும், பயந்து வெளியே வரும் மீன்குஞ்சையோ இறாலையோ கொத்தும். காலை நடுக்குகிற இந்தப் பழக்கம் தெரிந்துவிட்டால் இருநூறு மீட்டரிலும் பைனாகுலர் இல்லாமலேயே அதைப் பிரித்துவிடலாம், பைனாகுலர் விமர்சனத்தில் இதைச் சொல்லக்கூடாதுதான்.

தனுஷ்கோடி, கோடியக்கரைப் பக்கம் போகிறவர்கள் மட்டும் சின்னதை எழுதுவதற்கு முன் இன்னொரு முறை பார்க்கவும். கடலோரத்தில் கரைக்கொக்கு உண்டு. அதில் சாம்பல்கறுப்பு நிறத்தில் வருவது சிக்கலில்லை, தொண்டையில் ஒரு வெள்ளைத் தீற்றலோடு தனியாகத் தெரியும். முழு வெள்ளையாக வருவதுதான் சின்னதின் மறுபதிப்பு, விரல்கூட மஞ்சள். அலகு சற்றுத் தடிமனாக, லேசாகக் கீழே வளைந்தாற்போல, கறுப்பில்லாமல் பழுப்போ மஞ்சளோ கலந்திருக்கும். வெள்ளை மணலில் வெள்ளைப் பறவை, சுற்றிலும் வெயிலில் மின்னும் கடல். என் பைனாகுலர் திணறிய இடம் இதுதான், ஒளிச்சிதறலில் அலகின் நிறமே வெளுத்துப்போய்விட்டது. முன்லென்ஸுக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்தால் கொஞ்சம் குறைகிறது.

உண்ணிக்கொக்கை எல்லோருக்கும் தெரியும், மாட்டுக்குப் பின்னால் நடப்பது, உழவு டிராக்டரை மொய்ப்பது, பெருங்குடிக் குப்பைமேட்டில் ஈ பிடிப்பது. மாடு நடக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளிதான் அதற்குச் சாப்பாடு, மீனுக்கு அலைவது குறைவு. குட்டைக் கழுத்து, குட்டை மஞ்சள் அலகு, தாடைக்கடியில் உப்பலாக இறகு, அதனால் பக்கவாட்டில் பார்த்தால் தாடி வைத்தது மாதிரி. கூடு கட்டும் பருவத்தில் தலை, கழுத்து, முதுகெல்லாம் ஆரஞ்சு கலந்த பழுப்பாகிவிடும், அப்போது குழப்பமே இல்லை. சோழமண்டலக் கரையை வைத்து 1783-இல் கோரமாண்டஸ் என்று பெயர் சூட்டப்பட்ட பறவை இது. ஆப்பிரிக்கா, ஐரோப்பாவில் இருப்பதும் இதுவும் ஒன்று என்று வெகுகாலம் கணக்கு வைத்திருந்தார்கள், பறவைப் பட்டியல் போடும் இணையதளமான ஈபேர்டு 2023-இல் நம்முடையதைக் கிழக்கு உண்ணிக்கொக்கு என்று தனி இனமாகப் பிரித்துவிட்டது. உங்கள் பழைய பட்டியலில் பெயர் தானாக மாறியிருந்தால் பதற வேண்டாம்.

பைனாகுலரின் நிறத்தைச் சோதிக்க உண்ணிக்கொக்குதான் சரியான ஆள். பருவம் தொடங்கும்போது உச்சந்தலையில் மட்டும் மெல்லிய பழுப்புத் தொடக்கம் தெரியும், மற்றதெல்லாம் வெள்ளை. மலிவான பூச்சுள்ள லென்ஸில் வெள்ளையே மஞ்சளடித்தால் இந்தத் தொடக்கம் காணாமல் போகும். மதுராந்தகம் பக்கத்து வயலில் சாயங்கால வெயிலில் வைத்துப் பார்த்தேன், அந்த நேரத்தில் எல்லா வெள்ளையும் பொன்னாகத்தான் தெரியும், அதனால் அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். அதே வயலில் காலையில் பார்த்தபோது வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, தலையின் பழுப்பு தனியாகத் தெரிந்தது. இந்த விலைக்கு இது எதிர்பாராத பரிசு.

ஊதா விளிம்புதான் இதன் பெரிய குறை. ஒவ்வொரு நிறமும் லென்ஸுக்குள் கொஞ்சம் வேறு வேறு இடத்தில் குவிவதால் வருவது, வெள்ளையும் கறுப்பும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு பக்கம் ஊதாவும் மறு பக்கம் பச்சையும் கோடு கட்டும். வட்டத்தின் நடுவில் பறவையை வைத்தால் பெரிதாகத் தெரியாது, ஓரத்துக்குப் போகப் போகக் கொக்குக்கு ஊதாக் கரை போட்ட வேட்டி கட்டிவிடுகிறது. ED என்று சொல்லப்படும் விசேஷக் கண்ணாடி லென்ஸ் போட்டவற்றில் இது வெகுவாகக் குறையும், விலையும் இரண்டு மூன்று மடங்கு ஆகும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் அந்தக் காசு நியாயம்தான்.

அந்தத் தோலை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் பருவத்தில் வேடந்தாங்கலுக்குப் போகவும். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் நத்தைக்குத்தி நாரைகளும் கூடு கட்டும், நவம்பரிலிருந்து பிப்ரவரி மார்ச் வரை கூட்டம். பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் 1798-இலேயே அன்றைய கலெக்டரிடம் எழுத்தில் வாங்கிவைத்த ஏரி இது, பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே ஜோடி சேரும் கொக்குகளின் முகத்தில் நிறம் மாறும்: பெரியதற்குக் கண்முன் தோல் பச்சையாகும், சின்னதற்கு இளஞ்சிவப்பு ஏறும். இந்த நிறம் கொஞ்ச நாள்தான், முட்டை இட்டபின் மங்கிவிடும். கரைப்பாதையில் நின்று என் பைனாகுலரில் பார்த்ததில் பச்சை நன்றாகவே தெரிந்தது, இளஞ்சிவப்பு பக்கத்து மரங்களில் மட்டும் தெரிந்தது, தள்ளி இருந்தவற்றில் ஊதா விளிம்பு குறுக்கே வந்து எது தோல் எது விளிம்பு என்று தெரியாமல் செய்துவிட்டது.

இதே பருவத்தில்தான் அந்த மயிரிழை இறகுகளும். பெரியதற்கு முதுகிலிருந்து வாலைத் தாண்டித் தொங்கும், மார்பில் கிடையாது. நடுத்தரத்துக்கு முதுகிலும் உண்டு, மார்பிலும் உண்டு. சின்னதற்கு இரண்டிலும் இருப்பதோடு பின்தலையிலிருந்து இரண்டு நீள இறகு ரிப்பனாகத் தொங்கும். வாய்க்கோடு தெரியாத தூரத்திலும் இது தெரிந்துவிடும் என்பதால் பழகுகிறவர்கள் கூடு கட்டும் பருவத்தில் தொடங்குவது சுலபம். ஐரோப்பியத் தொப்பிகளில் செருகும் இந்த இறகுக்காகத்தான் ஒரு காலத்தில் கொக்குகளைக் கூட்டில் வைத்தே கொன்று குவித்தார்கள், இந்தியாவிலிருந்து பறவை இறகு ஏற்றுமதியாவதை 1902-இல் தடை செய்ய வேண்டி வந்தது.

பறக்கும்போது ஒரு சின்னச் சங்கதி. கொக்குக் கூட்டம் போகிறது என்று நினைத்துப் பைனாகுலரைத் தூக்கினால் கழுத்தைப் பாருங்கள். கொக்குகள் கழுத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் தூரம் போகும். கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போனால் அது அரிவாள்மூக்கனோ கரண்டிவாயனோ, கொக்கு இல்லை. நகத்தில் பூ விழும் என்று கையை ஆட்டுகிற பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றுதான், அவர்களைத் திருத்த வேண்டாம். அப்புறம் மடையான். வரப்பில் மண் நிறத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் வரை அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், எழும்பினால் இறக்கை முழு வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர்கள் பறந்துபோன வெள்ளைக்கொக்கு எங்கே இறங்கியது என்று தேடிக்கொண்டிருப்பார்கள், அது முதுகை மூடிக்கொண்டு மண்ணாகி எதிரிலேயே இருக்கும். முதுகு பழுப்பா என்று பறக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

குரலுக்குப் பைனாகுலர் உதவாது, ஆனால் கேட்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன். இரை தேடும்போது கொக்குகள் அநேகமாக ஊமை. விரட்டினாலோ, இடத்துக்குச் சண்டை வந்தாலோதான் கத்தும். பெரியது எழும்பும்போது ஆழமான, இழுத்த ‘க்ர்ர்ர்ர்’. சின்னது அதைவிடக் குட்டையாக, கரகரப்பாக ‘க்ராக்’ என்று எரிச்சலோடு. உண்ணிக்கொக்கு வயலில் வாயே திறக்காது, கூட்டுக்குத் திரும்பினால் ‘ரிக்-ராக்’ என்று ஓயாது. நடுத்தரம் குரலிலும் அடக்கம்தான். கூட்டுமரத்தில் மட்டும் கதை வேறு, சின்னது தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் ஒலி ஒன்றை எழுப்பும், அதை ஒரு முறை கேட்டால் மறக்காது. அதற்கு நடுவில் குஞ்சுகள் ‘கெக்-கெக்-கெக்’ என்று இரை கேட்டு விடாமல் கத்தும். போனில் குரல் கேட்டு இனம் சொல்லும் ஆப்களை வைத்துக் கொக்கைத் தேட நினைப்பவர்கள், அது கத்தினால்தானே ஆப் கேட்கும் என்பதை யோசிக்கவும். என் அனுபவத்தில் குரல் ஒரு கூடுதல் சாட்சி, அவ்வளவுதான். நாணலுக்குப் பின்னாலிருந்து எழும்பியது பெரியதா சின்னதா என்று சொல்ல அது போதும், பெரியதா நடுத்தரமா என்று சொல்ல அதை நம்ப மாட்டேன்.

பைனாகுலரின் உடம்பு பற்றிச் சுருக்கமாக. போகஸ் சக்கரம் புதிதில் கொஞ்சம் இறுக்கம், போகப் போகச் சரியாகிவிட்டது. இரண்டு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்ட வலக்கண் பக்கம் இருக்கும் டையாப்டர் வளையத்தை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள்: இடக்கண்ணால் மட்டும் பார்த்துச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்கவும், பிறகு வலக்கண்ணால் மட்டும் பார்த்து வளையத்தைத் திருகவும், அப்புறம் அதைத் தொட வேண்டாம். இதைச் செய்யாமல் தலைவலிக்கிறது, லென்ஸ் மோசம் என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. ஆனால் என் பைனாகுலரில் அந்த வளையம் லூஸ், பையில் போட்டு எடுத்தால் நகர்ந்துவிடுகிறது, நான் ஒரு துண்டு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டால் முழு வட்டமும் தெரிகிறது, வாங்குவதற்கு முன் இதை அவசியம் பார்க்கவும், 15 மில்லிமீட்டருக்குக் குறைவான கண் இடைவெளி (லென்ஸிலிருந்து கண்ணைத் தள்ளி வைத்துப் பார்க்கக்கூடிய தூரம்) உள்ளதை வாங்கினால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும். கூட வந்த பட்டை படு மட்டம், அரை மணி நேரத்தில் கழுத்தை அறுக்கும். இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை தனியாக வாங்கிவிட்டேன்.

மழையில் நனைந்தது, ஒன்றும் ஆகவில்லை. கடற்கரை ஊர்களில் மழையைவிடப் பெரிய எதிரி பூஞ்சைதான், உபயோகித்தபின் ஈரம் காயாமல் தோல் பையில் மூடி வைத்தால் லென்ஸுக்குள் சிலந்திவலை படரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கவும். உத்தரவாதம் பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை, டையாப்டர் விஷயமாக விற்றவரிடம் எழுதிக் கேட்டால் பதிலுக்குப் பதில் வேறு வேறு ஆள் வந்து அதே படத்தை மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். டேப் ஒட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

யார் வாங்கலாம்? இது எந்தக் கொக்கு என்று இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல பழைய 8×40 கோணல்குழாய் (போரோ பிரிசம்) பைனாகுலர் இருந்தால் இதற்கு மாற வேண்டியதில்லை, அந்த வடிவத்தில் குறைந்த விலைக்கே தெளிவு கிடைத்துவிடும், மழைக்கு மட்டும் ஒளித்து வைக்க வேண்டும். பெரிய ஜூம் கேமரா வைத்திருப்பவர்கள் படம் எடுத்து வீட்டுக்குப் போய் வாய்க்கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்பார்கள். அதுவும் வழிதான், ஆனால் கால் நடுக்குவதையும் கழுத்தைச் சாய்ப்பதையும் அவர்கள் பார்ப்பதேயில்லை. கரையோரக் கொக்குகளுக்காகவே அலைகிறவர்கள், கூட்டுமரத்தில் முகநிறம் குறித்துக்கொள்கிறவர்கள் பொறுத்திருந்து ED லென்ஸுக்குக் காசு சேர்க்கட்டும்.

கடையில் போய் வாங்குவதாக இருந்தால் உள்ளே டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசலுக்கு எடுத்துப்போகக் கேளுங்கள். முதலில் பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண் வைக்கும் பக்கம் பாருங்கள், ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் வெட்டிச் சதுரமாகத் தெரிந்தால் பிரிசம் மட்டம். அப்புறம் எதிர் மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையோ வெள்ளையடித்த கைப்பிடிச் சுவரோ ஏதாவது இருக்கும், அதை வட்டத்தின் நடுவில் வைத்துவிட்டு மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் ஊதா தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் பாதித் தூரம் தாண்டியபிறகுதான் தொடங்கியது, இரண்டாயிரம் குறைவாகப் பக்கத்தில் வைத்திருந்த இன்னொன்றில் நடுவிலேயே இருந்தது. விலைப்பட்டியலை அதற்குப் பிறகு வாங்கிப் பார்க்கலாம்.